ரீச் ட்ரக்: வண்டி வந்தது 1954-ல், பாடம் வந்தது எப்போ?



ஆன்லைனில் ஆர்டர் பண்ணின மிக்ஸி ரெண்டு நாளில் வீட்டு வாசலுக்கு வந்துடுது. அது எந்த குடோனில், எத்தனையாவது அடுக்கில் உட்கார்ந்திருந்தது, அதை யார் கீழே இறக்கினாங்க என்று நாம யோசிக்கிறதே இல்லை. மூணு மாடி உயர ரேக். நடுவில் மூணு மீட்டர்கூட இல்லாத சந்து. அதுக்குள்ளே புகுந்து, ஒரு டன் சரக்கைத் தலைக்கு மேலே தூக்கி, அலுங்காமல் குலுங்காமல் வைக்கிற வண்டிக்கு ரீச் ட்ரக் என்று பேர்.

இந்த வண்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. வண்டியைக் கண்டுபிடித்த கதை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அதை ஓட்டக் கற்றுக்கொடுத்த கதை அவ்வளவு சுலபமா கிடைப்பதில்லை. இந்தப் பதிவு ரெண்டையும் சேர்த்துச் சொல்லும் முயற்சி.

தூக்கத் தெரியாத வண்டி

ஆரம்பம் ரயில்வே ஸ்டேஷனில். 1906-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனி, அல்டூனா ஸ்டேஷனில் லக்கேஜ் இழுக்க பேட்டரியில் ஓடும் தட்டு வண்டியைக் கொண்டுவந்தது. 1917-ல் மிச்சிகன் மாநிலம் புக்கானனில் இருந்த கிளார்க் கம்பெனி, தன் ஆக்ஸில் ஃபேக்டரிக்குள் சாமான் நகர்த்த 'ட்ரக்ட்ராக்டர்' என்று ஒரு வண்டி செய்துகொண்டது. விற்க இல்லை, சொந்த உபயோகத்துக்குத்தான். ஃபேக்டரிக்கு வந்துபோனவங்க எல்லாம் "எங்களுக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க"ன்னு கேட்கவே, அதுவே தனி வியாபாரமாகிவிட்டது.

இதெல்லாம் சாமானை இழுத்துப்போகும், தூக்காது. ஏற்றுவதும் இறக்குவதும் மனுஷன் கைதான். செங்குத்தான மாஸ்ட், அதில் ஏறி இறங்கும் ரெண்டு ஃபோர்க் என்கிற, இன்னிக்கு நமக்குத் தெரிந்த உருவம் 1920-களில்தான் வந்தது.

அடுத்து வந்தது பேலட், அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டு. நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ரேமண்டும் அவருடைய சகா வில்லியம் ஹவுஸும் 1939-ல் ரெண்டு பக்கமும் பலகை அடித்த பேலட்டுக்கும், அதைத் தூக்கும் கைவண்டிக்கும் காப்புரிமை வாங்கினார்கள். உடனே ரெண்டாம் உலகப்போர் வந்தது. கப்பல் கப்பலாகச் சரக்கு அனுப்பவேண்டிய கட்டாயத்தில் அமெரிக்க ராணுவம் ஃபோர்க்லிஃப்டையும் பேலட்டையும் உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

ஒரு கொசுறு: 1945-ல் போர் முடிந்ததும் அமெரிக்கப் படைகள் ஆஸ்திரேலியாவில் விட்டுப்போன பேலட்டுகளையும் வண்டிகளையும் வைத்துத்தான் அந்த நாட்டு அரசு ஒரு பொது அமைப்பை ஆரம்பித்தது. இன்னிக்கு உலகம் பூரா நீலக்கலர் பேலட்டுகளை வாடகைக்கு விடும் செப் கம்பெனியின் பூர்வீகம் அதுதான்.

சந்துக்குள் புகுந்த வண்டி

போருக்கு அப்புறம் பிரச்னை இடம். சாதாரண ஃபோர்க்லிஃப்ட் என்பது ஒரு சீசா பலகை மாதிரி. முன்சக்கரம்தான் நடுக்கட்டை. முன்னால் சரக்கு, பின்னால் அதை ஈடுகட்ட ஒரு பெரிய இரும்புப் பாளம். அதனால் வண்டி நீளம். நீளமான வண்டி திரும்பணும்னா சந்து அகலமாக இருக்கணும், மூணரை மீட்டருக்கும் மேலே.

ரீச் ட்ரக் இந்த சீசாவையே மாற்றிப்போட்டது. வண்டிக்கு முன்னால் ரெண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் சக்கரம். மாஸ்ட் அந்தக் கால்களுக்கு நடுவே முன்னே போகும், பின்னே வரும். சரக்கை எடுக்கும்போது முன்னே நீளும். எடுத்ததும் சரக்கோடு உள்ளே வந்துவிடும். பாரம் சக்கரங்களுக்கு நடுவே வந்துவிட்டதால் பெரிய இரும்புப் பாளம் தேவையில்லை, வண்டியும் குட்டையாகிவிட்டது. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் ஊரைச் சேர்ந்த லான்சிங் பேக்னால் கம்பெனி 1954-ல் இப்படி ஒரு மின்சார வண்டியைக் கொண்டுவந்து, 'இந்த வகையில் இதுதான் முதல்' என்று சொல்லிக்கொண்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் ரேமண்ட் கம்பெனியும் குறுகிய சந்துக்கான வண்டிகளைச் செய்துகொண்டிருந்தது.

இதில் லாபம் என்ன? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம் (இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதாவது செய்யணுமே :-)). முதுகோடு முதுகாக நிற்கும் ரெண்டு ரேக்குக்கு 2.4 மீட்டர் என்று வையுங்கள். 3.6 மீட்டர் சந்து சேர்ந்தால் 6 மீட்டர். 60 மீட்டர் அகல குடோனில் இப்படிப் பத்து செட் வரும். சந்தை 2.8 மீட்டராகக் குறைத்தால் ஒரு செட் 5.2 மீட்டர்தான். அதே குடோனில் பதினொண்ணரை செட். கட்டடத்தைத் தொடாமலே 15 சதவீதம் இடம் கூடுதல்! மேலே உயரம் வேறு இருக்கிறது. பத்து மீட்டருக்கு மேல் தூக்கும் ரீச் ட்ரக்குகள் இப்போ சர்வசாதாரணம்.

முதலாளிக்கு இது லாபக்கணக்கு. ஓட்டுறவருக்கு?

புது வண்டி, புது ஆபத்து

தரையில் ஒரே ஒரு டிகிரி சாய்வு இருந்தால் என்ன ஆகும்? தரை மட்டத்தில் கண்ணுக்கே தெரியாது. பத்து மீட்டர் உயரத்தில் ஃபோர்க் 17 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். பேலட்டை ரேக் கம்பியில் இடிக்க அது தாராளம்.

வண்டியின் முன்சக்கரம் ரெண்டையும், பின்னால் இருக்கும் ஓட்டுச்சக்கரத்தையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். வண்டி, சரக்கு எல்லாம் சேர்ந்த மொத்த எடையின் மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கிறவரை வண்டி நிற்கும். கோட்டைத் தாண்டினால் சாயும். சரக்கை மேலே தூக்கத் தூக்க, பிரேக்கோ திருப்பமோ கொடுக்கிற சின்னக் குலுக்கல்கூட அந்த மையத்தைக் கோட்டுப் பக்கம் தள்ளிவிடும். ஒண்ணரை டன் தூக்கும் வண்டி என்றால் எல்லா உயரத்திலும் ஒண்ணரை டன் என்று அர்த்தம் இல்லை. உச்சியில் எவ்வளவு என்று வண்டியில் அடித்திருக்கும் தகட்டில் போட்டிருக்கும். அதே தகட்டில் பேட்டரிக்கு இவ்வளவு எடையாவது இருக்கணும் என்றும் இருக்கும். பேட்டரி மின்சாரத்துக்கு மட்டுமில்லை, பின்பக்க பாரமும் அதுதான். கைக்குக் கிடைத்த இலேசான பேட்டரியை மாட்டினால் வண்டி ஓடும், ஆனால் நிற்கிற கணக்கு தப்பாகிவிடும்.

அடுத்தது ஸ்டீயரிங். திரும்புவது பின்சக்கரம். கார் ஓட்டிப் பழகின கைக்கு இது முழுக்கப் புதுசு. மூக்கு இடதுபக்கம் போனால் வால் வலதுபக்கம் வீசும். அந்த இடத்தில் ஒருத்தர் நின்றுகொண்டிருந்தால் அவருக்கும் ரேக்குக்கும் நடுவில் இடைவெளியே இருக்காது. போதாக்குறைக்கு ஐரோப்பிய வண்டிகளில் ஓட்டுறவர் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருப்பார். முன்னும் பின்னும் பார்க்க வசதி, ஆனால் பழகணும்.

ஆக, சாதாரண ஃபோர்க்லிஃப்டில் பத்து வருஷ அனுபவம் இருக்கிறவரும் ரீச் ட்ரக்கில் ஏறினால் புது ஆள்தான். இந்த எளிய உண்மையைச் சட்டம் எழுத்தில் கொண்டுவர எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா?

சட்டம் வந்த வேகம்

அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது 1970 டிசம்பரில். 1971-ல் ஓஷா என்கிற பாதுகாப்பு ஆணையம் வேலையை ஆரம்பித்து, இந்த வண்டிகளுக்கான விதிகளையும் வெளியிட்டது. பயிற்சி பெற்றவர்கள்தான் ஓட்டணும், பயிற்சிக்கு ஒரு முறை வகுக்கணும் என்று அதில் இருந்தது. என்ன பயிற்சி, எத்தனை பகுதி, கற்றுக்கொண்டாரா என்று யார் பார்ப்பது? அதெல்லாம் இல்லை. "வாப்பா, ஏறி ரெண்டு ரவுண்டு ஓட்டு"ன்னு சொன்னாலே பயிற்சி என்று கணக்குக் காட்டலாம்.

இங்கிலாந்தில் 1974-ல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் லிஃப்ட் ட்ரக் ஓட்டுநர் பயிற்சிக்கென்று தனி நெறிமுறை 1988-ல்தான் வெளியானது. அதில் மூணு படி. ஒண்ணு, அடிப்படைப் பயிற்சி. ரெண்டு, ஓட்டப்போகும் வண்டிக்கும் வேலைக்கும் உரிய பயிற்சி. மூணு, வேலை செய்யப்போகும் இடத்திலேயே ஒருத்தர் மேற்பார்வையில் பழகுவது.

அமெரிக்கா அந்த இடத்துக்கு வந்தது 1998 டிசம்பர் 1-ல். வகுப்புப் பாடம், கையால் செய்து பழகுவது, வேலையிடத்தில் சோதிப்பது என மூணும் கட்டாயம். பாடமே ரெண்டு பாகம்: வண்டியைப் பற்றி, இடத்தைப் பற்றி. மூணு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி சோதிக்கணும். விபத்து நடந்தாலோ, மயிரிழையில் தப்பினாலோ, வேறு வகை வண்டிக்கு மாற்றினாலோ மறுபயிற்சி.

1954-லிருந்து எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்துக்கு 34 வருஷம், அமெரிக்காவுக்கு 44 வருஷம்.

அந்த இடைவெளிக்கு விலை உண்டு. அமெரிக்காவின் நயோஷ் ஆய்வு நிறுவனம் 1980 முதல் 1994 வரை ஃபோர்க்லிஃப்ட் வகை வண்டிகளால் செத்தவர்களை எண்ணியது: 1,021 பேர். இதில் 22 சதவீதம் வண்டி கவிழ்ந்து. 20 சதவீதம் நடந்துபோனவர்கள் மேல் வண்டி மோதி. 16 சதவீதம் வண்டியால் நசுங்கி. 9 சதவீதம் வண்டியிலிருந்து விழுந்து. எங்க ஃபீல்டில் தப்பு நடந்தால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். இங்கே அந்த பட்டன் கிடையாது.

கவிழும்போது குதிக்கலாமா?

ஓட்டக் கற்றுக்கொள்பவருக்குச் சொல்லும் பாடங்கள் பார்க்க ரொம்ப சாதாரணமா இருக்கும். காலையில் வண்டியை எடுக்கும் முன் பிரேக், ஹாரன், சங்கிலி, ஃபோர்க், எண்ணெய்க் கசிவு பார். நகரும்போது மாஸ்டை உள்ளே இழுத்து, ஃபோர்க்கைத் தாழ்த்தி வை. ரேக் முன்னால் நேராக நிறுத்தின அப்புறம்தான் தூக்கு. தூக்கின அப்புறம்தான் முன்னே நீட்டு. எடுத்ததும் முதலில் உள்ளே இழு, பிறகு இறக்கு. கை காலை வண்டிக்கு வெளியே நீட்டாதே. ஃபோர்க்கில் ஆளை ஏற்றாதே.

இந்த வரிசையை மேலே சொன்ன முக்கோணத்தோடு வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் எடையின் மையத்தை உள்ளேயே வைக்கிற வேலை, இல்லாவிட்டால் வண்டிக்கு வெளியே இருக்கிறவரைக் காப்பாற்றுகிற வேலை.

'இந்த வண்டிக்கு இந்தப் பாடம்' ஏன் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். வண்டி பக்கவாட்டில் கவிழ ஆரம்பித்தால் என்ன பண்ணணும்? உட்கார்ந்து ஓட்டும் வண்டி என்றால் குதிக்கவே கூடாது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் திசைக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்க்கணும். குதிக்கிறவர் சரியாக வண்டியின் தலைக்கூரை வந்து விழும் இடத்தில்தான் போய் விழுவார். ஆனால் அமெரிக்காவில் பரவலாக இருக்கும் நின்று ஓட்டும் ரீச் ட்ரக், பின்பக்கம் திறந்திருக்கும் வகை. அதில் நேர் எதிர்: பின்னால் காலை எடுத்து வைத்து வெளியேறிடணும்.

ஒரே ஆபத்து, ஒரே குடோன், ரெண்டு எதிரெதிரான விடை. யோசிக்க ஒரு நொடிகூட இல்லாத நேரத்தில் உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டிய விடை. "எனக்கு எல்லா வண்டியும் ஓட்டத் தெரியும்"னு சொல்றவர்தான் இங்கே மாட்டுவார்.

கிளவுஸ் அண்ணாச்சி

இவ்வளவு சீரியஸா பேசியாச்சு, ஒரு சிரிப்பு. 2000-ல் ஜெர்மனியில் 'ஸ்டாப்ளர்ஃபாரர் கிளவுஸ்' என்று ஒரு குறும்படம் எடுத்தார்கள். புதுசாக லைசென்ஸ் வாங்கிய ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் கிளவுஸின் முதல் நாள் வேலை. பழைய பாதுகாப்புப் படங்களைக் கிண்டல் பண்ணும் படம். பின்னணிக் குரல் கொடுத்ததே ஜெர்மன் டிவியின் சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சியில் பேசிய ஏகோன் ஹோகன்தான். பத்து நிமிஷத்துக்குள் படம் முழுக்க ரத்தக்களறி! இளகின மனசுக்காரங்க பார்க்க வேண்டாம். நிஜப் பயிற்சி வகுப்புகளிலும் இதைப் போட்டுக் காட்டுவதுண்டு. பெரிய விபத்துக்குப் பின்னால் எப்பவும் ஒரு சின்ன அலட்சியம்தான் இருக்கு என்பது சிரிச்சுக்கிட்டே மண்டையில் ஏறிடும்.

இப்போ வரும் வண்டிகளில் ஃபோர்க் பக்கத்தில் கேமரா, எடை காட்டும் திரை, மாஸ்ட் உயர்ந்தால் தானாக வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு எல்லாம் இருக்கு. நல்லதுதான். ஆனால் சந்து முனையில் செல்போன் பார்த்துக்கிட்டே திரும்புற ஆளைப் பார்த்து நிறுத்த வேண்டியது இன்னமும் பெரும்பாலும் ஓட்டுறவர்தான்.

இன்னொண்ணு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்த வண்டிக்கு அரசாங்கம் லைசென்ஸ் கொடுப்பதில்லை. 'இவர் இந்த வண்டியை, இந்த இடத்தில் ஓட்டத் தகுதியானவர்' என்று பொறுப்பேற்பது வேலை கொடுக்கிற முதலாளி. அதனால் ஒரு விபத்து நடந்தால் "ஓட்டினவன் யாரு?" என்பதோடு கேள்வியை நிறுத்திக்கொள்ளக் கூடாது. "அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது, எந்த வண்டியில் சொல்லிக்கொடுத்தது?" என்பதையும் கேட்கணும். அந்தக் கேள்வியைச் சட்டத்துக்குள் கொண்டுவரத்தான் நாற்பது சொச்சம் வருஷம் ஆச்சு.

உங்க ஊர் குடோனில் இது எப்படி நடக்குது? தெரிஞ்சவங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

அடுத்த பதிவில் பார்க்கலாம்!