அகதி முகாமுக்கு நம் உதவி எப்படிச் சேர வேண்டும்? ரோஹிங்யா மக்களை முன்வைத்து

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, வாசலில் துண்டை விரித்து “ரோஹிங்யா மக்களுக்காக” என்று வசூலிப்பார்கள். நாமும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வருவோம். அந்தப் பணம் அங்கே என்னவாகப் போய்ச் சேர வேண்டும் என்று பெரும்பாலும் யோசிப்பதில்லை. கொடுப்பது போலவே, அறிந்து கொடுப்பதும் நம் பொறுப்பு.

யார் இவர்கள்?

மியான்மரின் மேற்கே உள்ள ரக்கைன் மாநிலம் (பழைய அரக்கான்) இவர்களின் பூர்வீகம். 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களைச் சொந்த நாட்டிலேயே நாடற்றவர்களாக்கியது. 1978லும் 1991-92லும் பெருந்திரளாக வெளியேறினார்கள். 2017 ஆகஸ்ட் 25 அன்று ஓர் ஆயுதக் குழு காவல் சாவடிகளைத் தாக்கியது. அதைக் காரணம் காட்டி ராணுவம் கிராமம் கிராமமாகத் தீ வைத்தது. சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் நாஃப் ஆற்றையும் எல்லையையும் கடந்து பங்களாதேஷின் காக்ஸ் பஜார் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். அங்குள்ள குதுபாலாங் உலகின் மிகப் பெரிய அகதி முகாமாக ஆனது.

முகாமில் எது உதவி?

முதல் வாரங்களில் நல்லெண்ணம் கொண்ட பலர் லாரிகளில் பொருட்களைக் கொண்டுவந்து கூட்டத்தின் மீது வீசினார்கள். அதைப் பிடிக்க நடந்த நெரிசலில் உயிர்கள் போயின. ஒழுங்கில்லாத தர்மம் ஆபத்தாகவும் முடியும் என்பதற்கு இது சாட்சி.

அடுத்த தேவை மருந்து. 2017 அக்டோபரில் சுமார் 7 லட்சம் பேருக்கு வாய்வழி காலரா தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டது. பெரிய அளவில் காலரா பரவாமல் போனதில் இதற்கும் பங்குண்டு. பிறகு விறகுப் பிரச்சினை வந்தது. சமைப்பதற்காகச் சுற்றியிருந்த காடு வெட்டப்பட்டது. விறகு தேடிப் போன பெண்களும் பிள்ளைகளும் ஆபத்தில் சிக்கினார்கள். 2018 முதல் சமையல் எரிவாயு சிலிண்டர்கள் வழங்கப்பட்ட பின் இது வெகுவாகக் குறைந்தது. வீடுகளோ இன்றும் மூங்கிலும் தார்ப்பாயும்தான். மழைக்காலத்தில் மண் சரியும். 2021 மார்ச் தீ விபத்தில் சுமார் 45,000 பேர் இருந்த இடத்தையும் இழந்தார்கள்.

உணவுக்கு அட்டை முறை உண்டு. மாதந்தோறும் ஆளுக்கு இவ்வளவு என்று அட்டையில் தொகை ஏறும். முகாம் கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிக்கொள்ளலாம். நன்கொடை குறைந்ததால் 2023 மார்ச்சில் இந்தத் தொகை 12 டாலரிலிருந்து 10 ஆகவும், ஜூனில் 8 ஆகவும் வெட்டப்பட்டது. அதாவது ஒரு நாளுக்கு 27 சென்ட். மூன்று வேளைக்கும் அவ்வளவுதான். பின்னர் தொகை உயர்த்தப்பட்டது. ஆனால் முகாமுக்கு வெளியே வேலை செய்ய அனுமதி இல்லாதவர்களுக்கு, உலகத்தின் கவனம் திரும்பினால் அடுப்பு அணைகிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஜகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினர் அல்குர்ஆன் 9:60இல் சொல்லப்பட்டுள்ளனர். உடைமை இழந்த அகதி, வறியவர் என்ற முறையில் அதில் வருவார். ஆனால் உள்ளூரில் தகுதியானவர்கள் இருக்கும்போது ஜகாத்தை வெளியூர் அனுப்பலாமா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபியீ மத்ஹபின் பிரபலமான கருத்து கூடாது என்பது. அதிகத் தேவையுடையோர் இருந்தால் அனுப்பலாம் என்பது ஹனஃபீ நிலைப்பாடு. எனவே உங்கள் ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள். ஸதகாவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. சென்னையை அடுத்த கேளம்பாக்கத்திலும் ரோஹிங்யா குடும்பங்கள் பல ஆண்டுகள் தங்கியிருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

ஹிஜ்ரத்தின்போது மதீனாவில் ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோ, பரக்கத்துக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே என்றுதான் கேட்டார்கள். கொடுப்பவரின் தாராளமும் பெறுபவரின் கண்ணியமும் ஒன்றாக நின்ற இடம் அது. அகதிக்கு இன்று உணவு தேவை. அதோடு அவர் பிள்ளைக்குக் கல்வியும், கைக்கு ஒரு தொழிலும் தேவை.

நாம் செய்யக்கூடியவை

பழைய துணியை அனுப்புவதைவிடப் பணமாகக் கொடுப்பது மேல். அங்கேயே தேவையானதை வாங்க முடியும். வசூலிப்பவரிடம் ரசீதும் கணக்கும் கேளுங்கள். அது சந்தேகப்படுவது ஆகாது, அமானிதத்தைப் பேணுவது. சட்டத்துக்கு உட்பட்ட வழியில் மட்டும் அனுப்புங்கள். ரமலானில் மட்டும் மொத்தமாகக் கொடுப்பதைவிட, மாதந்தோறும் சிறிதளவு கொடுங்கள். அட்டையில் தொகை ஏற வேண்டியதும் மாதந்தோறும்தானே!

வீடிழந்த அனைவருக்கும் அல்லாஹ் நிம்மதியோடு ஊர் திரும்பும் பாக்கியத்தைத் தருவானாக! ஆமீன்.