வீட்டுக் கணினியில் இரண்டாவது ஹார்டு டிஸ்க்

நிக்காஹ் வீடியோ, பிள்ளைகளின் மார்க் ஷீட், மவ்த்தான பெரியவர்களின் குரல் பதிவு எல்லாம் இன்று பல வீடுகளில் ஒரே ஹார்டு டிஸ்க்கில்தான் கிடக்கின்றன. அது பழுதானால் மீட்டுத் தருபவர் கேட்கும் தொகை புது டிஸ்க்கின் விலையைவிடப் பல மடங்கு இருக்கும். கேட்டதைக் கொடுத்தாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் இன்னொரு டிஸ்க் பொருத்திக்கொள்வது நல்லது. அரை மணி நேர வேலைதான்.

பாடி, அம்பத்தூர் பக்கம் இருப்பவர்கள் இதற்கு ரிச்சி தெருவுக்குத்தான் போவார்கள். கொரட்டூரில் மின்சார ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால் ஆட்டோ தூரம். அங்கே பழைய டிஸ்க்கும் மலிவாகக் கிடைக்கும். படங்களைப் பாதுகாக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அதைத் தொடாதீர்கள். பில்லும் வாரண்டியும் உள்ள புதியதே வேண்டும். 1 டி.பி. என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜி.பி. என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுகிறது.

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேபினட்டைத் திறங்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்க, அதன் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். டிஸ்க்கைத் தட்டில் வைத்து ஸ்குரூ போட்டு ஆடாமல் இறுக்குங்கள். பிறகு இரண்டே இணைப்பு: மதர்போர்டிலிருந்து வரும் குறுகலான சாட்டா கேபிள், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் அகலமான பவர் கேபிள். பழைய ஐ.டி.இ. டிஸ்க்குகளில் மாஸ்டர், ஸ்லேவ் என்று ஜம்பர் மாற்ற வேண்டியிருந்தது. சாட்டாவில் அது கிடையாது. எஜமான், அடிமை என்ற அந்தப் பெயரும் சேர்ந்து ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

கணினியைப் போட்டதும் புது டிஸ்க் தெரியாது. பயப்பட வேண்டாம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தால் 'இனிஷியலைஸ்' செய்யச் சொல்லும். ஜி.பி.டி. என்பதைத் தேர்ந்தெடுங்கள்; பழைய எம்.பி.ஆர். முறை 2 டி.பி.க்கு மேல் ஏற்காது. பிறகு, காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்து, என்.டி.எஃப்.எஸ். முறையில் பார்மட் செய்தால் முடிந்தது.

இதையே பழைய கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க்குக்குச் செய்துவிடாதீர்கள்! அது இயல்பாகவே ஓர் எழுத்துடன் தெரிய வேண்டும். 'ஆஃப்லைன்' என்றிருந்தால் 'ஆன்லைன்' செய்தால் போதும். இனிஷியலைஸ் செய்யவா, பார்மட் செய்யவா என்று கேட்டால் கேன்சல் கொடுத்துவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள். உள்ளே இருக்கும் படங்கள் பறிபோவது பெரும்பாலும் இந்த ஒரு கிளிக்கில்தான். விண்டோஸைப் புதிதாகப் போடும்போதும் மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது டிஸ்க் வந்ததும் பலர் படங்களை எல்லாம் முதல் டிஸ்க்கிலிருந்து அதற்கு 'மாற்றி' விடுகிறார்கள். அப்போதும் இருப்பது ஒரே பிரதிதான்! இரண்டிலும் இருக்க வேண்டும். கண்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியை இயக்கினால், மாறிய கோப்புகளை மணிக்கொரு முறை அதுவே இரண்டாவது டிஸ்க்கில் நகலெடுக்கும். ரெய்டு 1 முறையில் இரண்டையும் இணைத்துத் தருகிறேன் என்பார் கடைக்காரர். ஒரு டிஸ்க் பழுதானால் அது காப்பாற்றும். பிள்ளை தவறுதலாக ஒரு போல்டரை அழித்தால் அந்த நொடியே இரண்டிலும் அழியும். வீட்டுக்கு அது தேவையில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் நின்றதையும் நம் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். தரையில் வைத்த கேபினட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்துதான் நனையும். எனவே யு.எஸ்.பி.யில் செருகும் வெளி டிஸ்க் ஒன்றில் மூன்றாவது பிரதி எடுத்து, மாடி வீட்டில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் வீட்டுக்குப் போகும்போது வாங்கி வந்து, புதுப் படங்களை ஏற்றித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.