சிறுநீர்க் கசிவும் சத்திரசிகிச்சையின் அளவுகோலும்

இருமும்போதும் தும்மும்போதும், நிறைகுடமொன்றைத் தூக்கும்போதும் தம் வசமின்றிச் சிறுநீர் கசிதல், பிள்ளைபெற்ற மாதர் பலர் நெடுங்காலம் வாய்திறவாது தாங்கிவந்த துன்பமாகும். வயிற்றினுள் அழுத்தம் திடீரென மிகும் வேளையில், சிறுநீர் வழியை மூடும் தசைகளும் அதனைத் தாங்கும் இழையங்களும் தளர்ந்திருப்பின் இது நேரும். இதனைச் சத்திரசிகிச்சையாற் சீர்செய்ய முயன்ற வரலாறு ஒன்று. அம்முயற்சி பலித்ததா என அளந்தறிந்த வரலாறு மற்றொன்று. பின்னையதே இன்று நாம் நோக்கவிருப்பது.

1914ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் ஹவாட் கெலி, சிறுநீர்ப்பையின் கழுத்தைத் தையலிட்டு இறுக்கும் முறையை வெளியிட்டார். 1949இல் மார்ஷல் முதலிய மூவர் அக்கழுத்தைப் பூப்பென்பின் பின்புறத்தோடு உயர்த்தித் தைத்தனர். 1961இல் ஜோன் பேர்ச் இம்முறையைத் திருத்தியமைத்தார். எனினும் அக்காலத்திற் குணம் என்பது பெரும்பாலும் சிகிச்சை செய்தவரின் மதிப்பீடாகவே இருந்தது.

அளவை மெல்ல வந்தது. 1882இலேயே இத்தாலியரான மொசோவும் பெலக்கானியும் சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளந்திருந்தனர். 1961இல் சுவீடன் தேசத்து ஏனோணிங், பையின் அழுத்தத்தையும் சிறுநீர்வழியின் அழுத்தத்தையும் ஒருங்கே பதிவுசெய்தார். வழியின் அழுத்தம் மேலோங்கி நிற்கும்வரை கசிவில்லை என்பது அதனாற் புலனாயிற்று. 1971இல் தோன்றிய சர்வதேச சிறுநீரடக்கச் சங்கம் பின்னர் எளியதொரு சோதனையை வகுத்தது. நோயாளர் அரை லீற்றர் நீர் பருகி, நடந்து, படியேறி, இருமுவார். ஒரு மணி நேரத்தின்பின் அவர் அணிந்த பஞ்சணை நிறுக்கப்படும். ஒரு கிறாமுக்கு மேற்பட்ட நிறை கசிவைக் காட்டும்.

இனி, அளவுகோல் மாறின் விடையும் மாறும் என்பதற்குச் சான்றொன்று கூறுவேன். 2007இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் 655 மாதர் பங்குகொண்டனர். ஒரு பகுதியினர்க்குப் பேர்ச்சின் முறையும், மறு பகுதியினர்க்கு அவர்தம் வயிற்றுச் சுவரின் சவ்விலிருந்து எடுத்த பட்டியால் வழியைத் தாங்கும் முறையும் செய்யப்பட்டன. ஈராண்டின்பின், இருமலாலும் பளுவாலும் வரும் கசிவை மட்டும் நோக்கியபோது பட்டி முறை 66 வீதமும் பேர்ச் முறை 49 வீதமும் வெற்றி கண்டன. எவ்வகைக் கசிவும் இருத்தலாகாது என்று நாட்குறிப்பையும் பஞ்சணையின் நிறையையும் சேர்த்து நோக்கியபோதோ, அவை 47, 38 வீதங்களாகக் குறைந்தன. ஒரே மாணவன் ஒரு வினாத்தாளிற் சித்தியும் மற்றொன்றில் தவறுதலும் அடைவது போன்றதே இது. அன்றியும், வெற்றி மிகுந்த பட்டி முறையிலேயே சிறுநீர் கழிக்கும் இடரும் தொற்றும் மிகுந்திருந்தன.

கசிவை மட்டும் அளந்தாற் போதாது என்பதைப் பின்வந்த செயற்கை வலைப் பட்டியின் கதை உணர்த்திற்று. 1990களிற் பரவிய அம்முறை பலர்க்கு நன்மை தந்தது. சிலர்க்கோ ஆறாத நோவைத் தந்தது. 2018இல் இங்கிலாந்தில் அதன் பயன்பாடு நிறுத்திவைக்கப்பட்டது. தம் நோவைச் சொன்ன பெண்களின் குரல் செவிமடுக்கப்படவில்லை என 2020இல் வெளியான விசாரணை அறிக்கை கண்டித்தது.

அழுத்தமானியும் தராசும் வேண்டுவனவே. ஆயினும் துன்புற்றவளின் சொல்லையும் உடன்வைத்து நோக்கும் அளவையே முழுமையான அளவையாகும்.