பச்சையும் நீலமும் ஒண்டா? சிலாபக் கரையிலிருந்து ஒரு கணக்கு

"எவன் வந்தாலும் ஒண்டுதான்." தேர்தல் பேச்சு எடுத்தால் சிலாபத்தில் கடைசியில் எல்லாரும் வந்து நிற்கும் இடம் இதுதான். சிங்களத்தில் பேசினாலும் தமிழில் பேசினாலும் அந்த வசனம் மாறுவதில்லை. அரசியல் தெரியாதவர்களின் பேச்சு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பட்டுத் தெரிந்தவர்களின் பேச்சு இது. ஆனால் அது முழு உண்மையா? ஐக்கிய தேசியக் கட்சியின் பச்சையும் சுதந்திரக் கட்சியின் நீலமும் எங்கே ஒன்று, எங்கே வேறு என்று ஒருதரம் கணக்குப் பார்ப்போம்.

முதலில் மண்ணெண்ணெய். சின்னப் படகுகளின் இயந்திரம் அதில்தான் ஓடுகிறது. 2012 பெப்ரவரியில், சுதந்திரக் கட்சி தலைமையிலான மஹிந்த ராஜபக்ஷ அரசு ஒரே இரவில் லீற்றருக்கு 35 ரூபாய் கூட்டி, 71 ரூபாயை 106 ஆக்கியது. மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். பெப்ரவரி 15 அன்று சிலாபத்தில் படையினர் சுட்டதில் ஒரு மீனவர் செத்தார், பலர் காயப்பட்டார்கள். பத்து வருடம் கழித்து, 2022 ஆகஸ்டில், ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாக இருந்தபோது, அதே மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனது. இரண்டு முறையும் பின்னால் நின்றது சர்வதேச நாணய நிதியத்தின் கடன் விவகாரம். ஆட்சியில் இருந்தவர்களின் நிறம்தான் வேறு. கடலுக்குப் போகிறவனுக்கு வந்த பில் ஒன்றுதான்.

இது புதுக்கதையும் இல்லை. 1953 இல் டட்லி சேனாநாயக்கவின் அரசு பங்கீட்டு அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. ஆகஸ்ட் 12 அன்று ஹர்த்தால், துப்பாக்கிச் சூடு. ஒக்டோபரில் பிரதமர் பதவி விலகினார். 1962 இல் சுதந்திரக் கட்சி அரசின் நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க அதே அரிசிப் பங்கீட்டைக் குறைக்கப் பார்த்தார். எதிர்ப்பு கிளம்ப, அவரும் அந்தப் பதவியை விட்டுப் போனார்.

தமிழருக்குக் கொடுத்த வாக்கின் கதை இன்னும் மோசம். 1957 இல் பண்டாரநாயக்க செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்ததும், அதை எதிர்த்து ஜே.ஆர். ஜயவர்தன கண்டிக்கு நடைபயணம் கிளம்பினார். 1965 இல் டட்லி அதே செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார். இப்போது எதிர்க்கும் முறை சுதந்திரக் கட்சிக்கு. 1966 ஜனவரி 8 அன்று இடதுசாரிகளையும் சேர்த்துக்கொண்டு தமிழ்மொழி விதிகளுக்கு எதிராக ஊர்வலம் போனது. ஆட்சியில் இருப்பவர் கொடுக்க நினைத்தால் எதிரணியில் இருப்பவர் தட்டிவிடுவார். பிறகு கதிரை மாறும், நாடகம் மாறாது.

கிட்டத்தில் நடந்ததையும் பார்ப்போம். 2014 ஜூனில் அளுத்கமையில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது ஆட்சி மஹிந்தவுடையது. அந்தக் கோபமும் சேர்ந்துதான் 2015 இல் ஆட்சியை மாற்றியது. ஆனால் மாற்றிக் கொண்டுவந்த அரசின் காலத்தில்தான் 2018 மார்ச்சில் திகன எரிந்தது. 2019 மே 12 அன்று சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் முகநூல் பதிவைச் சாட்டாக வைத்துக் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஊரடங்கு போட்டும் அது நிற்கவில்லை. மறுநாள் குருநாகல், மினுவாங்கொடை என்று பரவியது. எங்கள் புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார்.

அந்த அரசில் பச்சையும் நீலமும் ஒரே அமைச்சரவையில் இருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. 2018 ஒக்டோபரில் சண்டை பிடித்துக்கொண்டார்கள். 2022 ஜூலையிலோ, நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு ஆசனம் இருந்த கட்சியின் தலைவரான ரணில், பெரும்பாலும் ராஜபக்ஷக்களின் பெரமுன உறுப்பினர்கள் போட்ட வாக்குகளால், 134 வாக்கு எடுத்து ஜனாதிபதியானார். இதையெல்லாம் பார்த்தவன் "ஒண்டுதான்" என்று சொன்னால் அவனோடு எப்படித் தர்க்கம் பண்ணுவது?

பண்ணத்தான் வேண்டும். ஏனென்றால் கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது. 1977 க்கு முன் இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர் தலை நிமிர்ந்தார்கள், ஜே.ஆர். சந்தையைத் திறந்ததும் விழுந்தார்கள். அவர்களிடம் போய் இரண்டு ஆட்சியும் ஒன்று என்று சொல்ல முடியாது. 2015 இன் 19ஆம் திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்தது. 2016 இல் தகவலறியும் உரிமைச் சட்டம் வந்தது. இன்றைக்கு யாரும் பிரதேச சபையில் கணக்குக் கேட்டு விண்ணப்பம் போடலாம். 2020 இல் கோட்டாபய அரசு 20ஆம் திருத்தத்தால் அந்த அதிகாரத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டது. அதே அரசுதான், புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2021 பெப்ரவரி வரை கோவிட் ஜனாஸாக்களை எரித்தது. இருபது நாள் குழந்தையையும் விடவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு யார் ஆட்சியில் இருந்தார்கள் என்பது சின்ன விசயம் இல்லை. எரிப்பு நடந்துகொண்டிருந்தபோதே எதிர்க்கட்சி வரிசையில் இருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலர் 20ஐ ஆதரித்துக் கை தூக்கினார்கள் என்பதையும் இதே கணக்கில் எழுதி வைக்க வேண்டும்.

ஆக, நாம் இப்படிச் சொல்வோம். கட்சிகள் ஒன்றல்ல. ஆனால் ஆட்சிக்கு வந்ததும் மூன்று இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன: கடன்காரன் கேட்கும்போது, பெரும்பான்மை வாக்கு போய்விடும் என்று பயப்படும்போது, கையில் வந்த அதிகாரத்தை விடச் சொல்லும்போது. இந்த மூன்று இடத்திலும் கட்சியை அசைத்தது கட்சிக்கு வெளியே இருந்த ஆட்கள்தான்.

அதற்கும் சிலாபத்தில் பழைய உதாரணம் உண்டு. கட்சிகளோ சர்வசன வாக்குரிமையோ இல்லாத 1922 இல், சிலாபத்துக் கொரியா குடும்பத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் விக்டர் கொரியா ஆங்கில அரசின் தலைவரியைக் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். இரண்டு ரூபாய் கட்டு, இல்லாவிட்டால் றோட்டில் வேலை செய் என்ற வரி அது. பின்னர் அந்த வரி இல்லாமல் போனது. ஏ.ஈ. குணசிங்கவோடு அவர் தலைமை தாங்கிய இலங்கைத் தொழிலாளர் சங்கம் 1923 இல் கொழும்பையே வேலைநிறுத்தத்தில் நிறுத்தியது. 2012 இலும் மீனவர்கள் கரையில் நின்றதால்தான் மானியம் அறிவிக்கப்பட்டது; அதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. 2023 இல் காசில்லை என்று நிறுத்திய உள்ளூராட்சித் தேர்தலை விடாமல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 மே 6 அன்று தேர்தல் நடந்தது.

இப்போது பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனம் கிடைத்தது; புத்தளம் மாவட்டமும் அவர்களுக்கே வாக்களித்தது. "இவங்களும் ஒண்டுதான்" என்று இப்போதே முடிவு கட்டுவதும், "இவங்க வேற" என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பதும் ஒரே விளைவைத்தான் தரும். கேள்வி கேட்க ஆள் இருக்காது.

கேட்பதற்கு விசயம் நிறைய இருக்கிறது. வடமேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 இல். சபையின் காலம் 2018 இல் முடிந்தது. சிறிசேன, கோட்டாபய, ரணில் மூவரும் அடுத்த தேர்தலை வைக்கவில்லை. 1979 இல் பச்சை கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீலமும் கைவிடவில்லை. இரண்டையும் மாற்றுவோம் என்று புதிய அரசு வாக்குக் கொடுத்துத்தான் வந்தது. எங்கள் மாவட்ட உறுப்பினர்களில் யார் இதைப் பற்றி எத்தனை தடவை நாடாளுமன்றத்தில் பேசினார்கள், எப்படி வாக்களித்தார்கள் என்பது ஹன்சார்டில் இருக்கிறது. அதை வாசித்து, கரையிலும் பள்ளிவாசலிலும் கோயில் வீதியிலும் சொல்லத் தொடங்குவோம். அடுத்த தேர்தலில் நிறத்தைப் பார்க்காமல் அந்தக் கணக்கைப் பார்க்கலாம்.