விளக்குக்குக் காசு கொடுத்தது யார்? 1982 சர்வஜன வாக்கெடுப்பின் எழுதப்படாத கணக்கு

கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரு பிளேன்டி ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

புதிய அரசியலமைப்பு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் "சர்வஜன வாக்கெடுப்பு" என்ற சொல்லும் கூடவே வருகிறது. இலங்கையில் அப்படியொன்று இதுவரை ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது. 1982 டிசம்பர் 22. எங்களில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் அப்புத்தளையில் வயதானவர்களிடம் "விளக்கா குடமா?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே சிரிப்பார்கள். ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். அவைதான் சின்னங்கள்.

கேள்வி இதுதான். 1977இல் ஆறு வருடத்துக்குத் தெரிவான பாராளுமன்றம், தேர்தல் இல்லாமலே 1989 ஓகஸ்ட் 4 வரை இருக்கலாமா? ஒக்டோபர் 20ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் வென்ற ஜே.ஆர். ஜயவர்தன, இரண்டே மாதத்தில் மக்களை மறுபடி வாக்குச்சாவடிக்குக் கூப்பிட்டார். தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டார். (இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.) நான்காம் திருத்தச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில்தான் அதற்கு வழி விடப்பட்டது.

ஆம் 31,41,223. இல்லை 26,05,983. விளக்கு வென்றது. இரண்டு மாதத்துக்கு முன் ஜே.ஆருக்கு விழுந்த 34,50,811 வாக்குகளோடு ஒப்பிட்டால், விளக்குக்கு மூன்று இலட்சம் குறைவு.

அப்புத்தளைத் தொகுதிக்கு அப்போது டபிள்யூ.ஜே.எம். லொக்குபண்டார உறுப்பினர். அவருடைய ஆசனமும் தேர்தல் இல்லாமலே நீடித்தது. தம்பேதென்ன, பிட்டரத்மலை லயங்களில் இருந்த எத்தனையோ பேருக்கு இதில் ஆம் சொல்லவும் முடியவில்லை, இல்லை சொல்லவும் முடியவில்லை. 1948இல் பறிபோன பிரஜாவுரிமையும் 1949இல் போன வாக்கும் அவர்களுக்கு அன்றும் திரும்பி வந்திருக்கவில்லை. ஆறு வருடம் கூடுதலாக ஆளப்போகும் சபையைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

சரி, செலவுக்கு வருவோம். நாங்கள் சொல்ல வந்ததே அதுதான்.

1946ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தில் வேட்பாளருக்குச் செலவு வரம்பு இருந்தது. தேர்தல் முடிந்ததும் கணக்கும் கொடுக்க வேண்டும். ஒழுங்காகக் கொடுத்தார்களா என்பது வேறு கதை, ஆனால் கேட்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம் அதைக் கைவிட்டது. அதே வருடம்தான் சர்வஜன வாக்கெடுப்புச் சட்டமும் வந்தது. பழைய விதி இருந்திருந்தாலும் அது 1982இல் உதவியிருக்காது. அது வேட்பாளரிடம் கணக்குக் கேட்கும் விதி, விளக்கும் குடமும் வேட்பாளர்கள் அல்லவே. ஆகவே சுவரொட்டிக்கும் மேடைக்கும் வாகனத்துக்கும் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதிவைக்க வேண்டிய கடமை எவருக்கும் இருக்கவில்லை.

குடத்தின் பக்கம் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்பது மட்டும் நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. நாடு அவசரகால நிலையில் இருந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த' பத்திரிகை மூடப்பட்டது. விஜய குமாரதுங்க சிறையில். 'பவிதி ஹண்ட' என்ற மதகுருமார் அமைப்பு வாக்கெடுப்புக்கு எதிராக அச்சடித்த இருபதாயிரம் துண்டுப்பிரசுரங்களைக் கம்பஹாவில் பொலிஸ் கைப்பற்றியது. அதன் செயலாளரான தேரர் உயர் நீதிமன்றம் போனார். 1983இல் தீர்ப்பு: கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டது, பொலிஸ் அதிகாரி பத்தாயிரம் ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும். அரசாங்கம் அந்தக் காசைப் பொதுப் பணத்திலிருந்து கட்டி, அந்த அதிகாரிக்குப் பதவி உயர்வும் கொடுத்தது. வாக்கு வேண்டாம் என்று சொன்னவர்களைத் தடுத்ததற்கான செலவு கடைசியில் மக்கள் தலையில். அந்த வாக்கெடுப்பில் ரூபாய்க் கணக்கோடு வெளியே தெரிந்த செலவு என்று நாங்கள் காட்டக்கூடியது இது ஒன்றுதான்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் இருக்கிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள், ஒரு வேட்பாளருக்கு மொத்தம் 186 கோடிக்கு மேல். (இதைக் குறைவு என்று சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள்!) முடிவு வந்து 21 நாட்களுக்குள் வரவும் செலவும் காட்ட வேண்டும். பெயர் சொல்லாதவரிடம் நன்கொடை வாங்கக் கூடாது. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் ஊரில் கேட்டவர்களும் இந்தக் கணக்கைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் இந்தச் சட்டமும் வேட்பாளர், கட்சி, சுயேச்சைக் குழு என்றே பேசுகிறது. நாளைக்கு விளக்கும் குடமும் திரும்பி வந்தால் அது யாரைப் பிடிக்கும்?

வெளிநாட்டில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் 50,000 கையெழுத்துச் சேர்த்தால் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தையே மக்கள் வாக்குக்கு இழுக்கலாம். அங்கே 2022 ஒக்டோபர் முதல், ஒரு வாக்கெடுப்புப் பிரசாரத்துக்கு 50,000 பிராங்குக்கு மேல் செலவழிப்பவர் கணக்குக் காட்ட வேண்டும், 15,000 பிராங்குக்கு மேல் கொடுத்தவரின் பெயரையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் இன்னும் ஒரு படி முன்னாலேயே கேட்கிறார்கள். மனுவில் கையெழுத்துக் கேட்டு வருகிறவர், அதற்குப் பெருந்தொகை கொடுத்த முதல் மூவரின் பெயரைக் கையெழுத்திடுபவருக்குக் காட்ட வேண்டும். வேட்பாளர் யார் என்று தேடாமல், காசு செலவழித்தவரையே பொறுப்பாக்குகிறார்கள். எங்கள் சட்டத்தில் விடுபட்டிருப்பது அதுதான்.

கையெழுத்தால் வாக்கெடுப்பைக் கேட்கும் உரிமை எங்கள் அரசியலமைப்பில் இல்லை. ஆனால் அரசியலமைப்பின் சில உறுப்புரைகளை மாற்றப் போனால், பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு கிடைத்த பிறகும் மக்களிடம் வந்தே ஆக வேண்டும். 83ஆம் உறுப்புரை அப்படிச் சொல்கிறது. இந்த முறை லயங்களில் இருப்பவர்களுக்கும் வாக்கு உண்டு. அவர்களைத் தேடியும் சுவரொட்டி வரும், வேன் வரும், சாப்பாட்டுப் பார்சல் வரும். வருவதற்கு முன்பே 2023 சட்டத்தில் சர்வஜன வாக்கெடுப்பையும் சேர்க்கச் சொல்லி, பதுளை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும், கட்சி பார்க்காமல், கடிதம் எழுத இருக்கிறோம். வரைவு தமிழிலும் சிங்களத்திலும் தயாராகிறது. ஒப்பமிட விரும்புகிறவர்கள் பாடசாலை விட்ட பிறகு எங்களைச் சந்திக்கலாம். தபால் செலவு எங்கள் சொந்தக் காசு, அதையும் கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறோம்.

யார் வீட்டிலாவது 1982இன் விளக்கு, குடம் துண்டுப்பிரசுரம் ஒன்று பழைய பெட்டிக்குள் கிடந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம்.