சாந்தோம் கடற்கரையும் ஒரு நூற்றாண்டு வாதமும்: பொதுவுடைமை, சுதந்திரச் சந்தை, மீனவர்

சாந்தோம் நெடுஞ்சாலையில் புனித தோமையார் பேராலயமும் இருக்கிறது, ரஷ்யத் துணைத் தூதரகமும் இருக்கிறது. பேராலயத்தின் இன்றைய கட்டடம் 1896இல் எழுந்தது. அதற்கு ஐந்தாண்டு முன்புதான் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ஒரு சுற்றுமடல் விடுத்திருந்தார். சோசலிசத்தை மறுத்துத் தனியுடைமையை ஏற்ற அந்த மடல், தொழிலாளிக்கு நியாயமான கூலியும் சங்கம் சேரும் உரிமையும் வேண்டும் என்றும் சொன்னது. இந்தச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே நொச்சிக்குப்பமும் டுமிங்குப்பமும் முள்ளிக்குப்பமும் கிடக்கின்றன. ஏழைக்கு நல்லது செய்வது பொதுவுடைமையா, தனியுடைமையை ஏற்கும் மக்களாட்சியா என்ற வாதம் தமிழகத்தில் இந்தக் கரையை ஒட்டியேதான் தொடங்கியது. வளர வளர அது ஆலைக்கும் வயலுக்கும் ரேஷன் கடைக்கும் போனது, குப்பத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை. இரு தரப்பின் கணக்கிலும் மீனவருக்கு இடம் இல்லாமல் போனதே அதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பொதுவுடைமைத் தரப்பைத் தொடங்கிவைத்த ம. சிங்காரவேலர் 1860இல் அயோத்தியாகுப்பத்தில் மீனவச் சமூகத்தில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் படித்து வழக்கறிஞரானார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது, 1921இல் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். மறு ஆண்டு கயா காங்கிரஸ் மாநாட்டில் தம்மைக் கம்யூனிஸ்ட் என்றே சொல்லிக்கொண்டார். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இரண்டு கூட்டங்களை நடத்தினார்; ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, மற்றொன்று திருவல்லிக்கேணியில். இந்தியாவில் மே தினம் கொண்டாடப்பட்டது அதுவே முதல்முறை. அன்று அவர் அறிவித்த கட்சி தொழிலாளருக்கும் விவசாயிகளுக்கும் உரியது. 1925 டிசம்பரில் கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1928இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிறை சென்றார்.

குப்பத்தில் பிறந்தவர் ஏன் பெரம்பூர் ஆலையையும் ரயில்வே பணிமனையையும் நோக்கிப் போனார்? காலத்தைப் பார்த்தால் புரியும். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகியிருந்தது. 1921இல் பெரம்பூரின் பக்கிங்காம் கர்னாடிக் ஆலைப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. தெருவில் கண்ணெதிரே இருந்த போராட்டம் ஆலைத் தொழிலாளியுடையது. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. மார்க்ஸியத்துக்குத் தெரிந்த ஏழை, கருவிகள் கையில் இல்லாமல் உழைப்பை மட்டும் விற்பவன். கட்டுமரக்காரனுக்கோ மரமும் வலையும் பெரும்பாலும் சொந்தம், இல்லாவிட்டால் உறவுக்காரனுடையது. கரையில் மீன் ஏலம் போனதும் செலவைக் கழித்துவிட்டுப் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிப்பார்கள். அங்கே கூலி கிடையாது, பங்குதான். மீன்பாடு இல்லாத நாளில் எல்லாருக்கும் பூஜ்யம். மீனவனைச் சுரண்டுவது முதலாளி என்பதைவிட, முன்பணம் கொடுத்துவிட்டு மீனைத் தனக்கே தரச் சொல்லும் வியாபாரி என்பதே பொருத்தம். இந்த உறவை வேலைநிறுத்தத்தால் உடைக்க முடியாது. கடலுக்குப் போகாவிட்டால் பட்டினி கிடப்பது மீனவனேதான்.

எதிர்த்தரப்புக்கும் இதே சிக்கல்தான். சுதந்திரச் சந்தையின் அடிப்படை சொத்துரிமை. மீனவனின் முதன்மையான சொத்து கடலும் கரை மணலும். இரண்டுக்கும் பட்டா கிடையாது. வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய இடம் அரசு ஆவணத்தில் புறம்போக்கு.

வாதம் மிகக் கூர்மையாக நடந்தது 1952இல். முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்ட்டுகள் 62 இடங்களை வென்றார்கள். சிறையிலிருந்தபடியே மதுரையில் வென்றவர் பி. ராமமூர்த்தி. கம்யூனிஸ்ட்டுகளும் சேர்ந்த கூட்டணி ஆட்சியைப் பிடித்துவிடுமோ என்ற அச்சத்தில்தான் ராஜாஜி மேலவை நியமனம் வழியாக முதலமைச்சராக்கப்பட்டார். கம்யூனிஸ்ட்டுகளே தம் முதல் எதிரி என்று அவர் சட்டமன்றத்தில் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

அந்த ஆட்சியின் இரண்டு செயல்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1952 ஜூனில் ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். சந்தைமீது அவருக்கிருந்த நம்பிக்கைக்கு அது அடையாளம். ஆகஸ்டில் தஞ்சை குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருந்த பண்ணைகளில் இஷ்டம்போல ஆளை வெளியேற்றுவதை அது தடுத்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கை உறுதி செய்தது. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் 1940களில் கீழத்தஞ்சையில் கட்டிய செங்கொடிச் சங்கம் இல்லாவிட்டால் இந்தச் சட்டம் இத்தனை வேகமாக வந்திருக்காது. கம்யூனிசத்தைத் தடுக்க வந்தவரின் கையாலேயே கம்யூனிஸ்ட்டுகள் கேட்டதில் ஒரு பகுதி சட்டமானது. தமிழகத்தில் ஏழைக்குக் கிடைத்த பலவும் இப்படிப் போட்டியின் வழியே வந்தவைதான். அதே கீழத்தஞ்சையில் 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதையும் இதோடு வைத்தே படிக்க வேண்டும். காகிதத்தில் கிடைத்த பாதுகாப்புக்கும் கூலி உயர்வு கேட்டவர்களின் கதிக்கும் இடையிலான தூரம் அதில் தெரிகிறது.

1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைச் சென்னையிலிருந்து அறிவித்தார். பர்மிட், லைசென்ஸ், கோட்டா ஆட்சி என்று அவர் காங்கிரசைச் சாடியது அன்றாடப் பேச்சிலும் கலந்துவிட்டது. கொள்கை நோக்கில் விந்தையான காட்சி 1967 தேர்தலில்தான். தி.மு.க. அணியில் சுதந்திராவும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்றாக நின்றன. முந்தையது சட்டமன்றத்தில் 20 இடங்களையும் பிந்தையது 11 இடங்களையும் பெற்றன. ராஜாஜியும் ராமமூர்த்தியும் ஒரே பக்கம்! வென்ற அணியின் வாக்குறுதியோ ரூபாய்க்கு மூன்று படி அரிசி. சந்தையே விலையைத் தீர்மானிக்கட்டும் என்றவரும், உற்பத்தி முறையே மாற வேண்டும் என்றவர்களும், விலையை அரசு தாங்கும் ஒரு திட்டத்தின் நிழலில் வாக்குக் கேட்டார்கள். நடைமுறையில் ஒரு படியாகச் சுருங்கிச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினாலும், வாக்குச்சீட்டு ஏழையின் உலைக்கு நேரே போகும் வழி அப்போது திறந்தது. 1982இன் சத்துணவு அதே வழியில் வந்தது.

குப்பத்துக்கு வந்ததும் பொதுவுடைமையும் சந்தையும் அல்லாத இந்த மூன்றாவது வழிதான். 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது, 1971இல் அதற்கான சட்டம் வந்தது. ஓலைக் குடிசை நின்ற கடற்கரையோரம் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. தீ விபத்துக்கு அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு அது பெரிய விஷயம், குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அரசு கொடுத்தது வீடு. மீனவன் கேட்டது வீட்டோடு சேர்ந்த கரை. 1983இன் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்றது. இங்கே கடலில் ஓர் எல்லை கிடைத்தது. கரையில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முற்பட்டபோது மோதல் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் இறந்தார்கள். ஏழைகளின் தலைவர் என்று கடற்கரைக் குப்பங்களே கொண்டாடிய எம்.ஜி.ஆரின் ஆட்சியில் இது நடந்தது.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இக்கரையின் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. அங்கே நான்கு சுவரும் கூரையும் உண்டு, கடல் இல்லை. விடியுமுன் படகு தள்ள வேண்டியவனுக்கு இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கிடைக்கும் வீடு, தொழிலை விட்டுவிடச் சொல்வதற்குச் சமம். 2023 ஏப்ரலில் இந்தக் குப்பங்களை ஒட்டிய லூப் சாலையோர மீன் கடைகளை மாநகராட்சி அகற்றத் தொடங்கியபோது பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள். வஞ்சிரமும் சங்கராவும் அன்னக்கூடையில் வைத்து விற்பவர்கள் அவர்கள். கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்த பின்னும் வீட்டுக்குப் பணம் வருவது அவர்கள் கை வழியாகத்தான். 2024 ஆகஸ்டில் அதே சாலையில் புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. கடைக்குக் கூரை கிடைத்தது. படகு நிறுத்தும் மணலும் வலை காயும் இடமும் யாருடையவை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. காட்டில் வாழ்பவர்களுக்கு 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு அதற்கு நிகரான சட்டம் இன்றுவரை இயற்றப்படவில்லை.