தண்டவாளம் விற்ற கதை

டாடாக்கள் பிரிட்டிஷ் தரத்தில் எஃகுத் தண்டவாளம் செய்யப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, சர் பிரெடரிக் அப்காட் சிரித்தார். அப்படி அவர்கள் செய்துகாட்டினால் அதில் ஒவ்வொரு பவுண்டையும் தானே தின்றுவிடுவதாகச் சொன்னார். இந்திய இரும்புத் தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் யாரும் இந்தப் பேச்சை விட்டுவைத்ததில்லை. ஆனால் அதைச் சொன்னவர் என்ன வேலையில் இருந்தார் என்பதைப் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அப்காட் இந்திய ரயில்வே நிர்வாகத்தின் தலைமையில் இருந்தவர். இந்த நாட்டில் தண்டவாளம் வாங்கக்கூடிய ஆட்களில் அவரை விடப் பெரியவர் கிடையாது. கேலி செய்தவரிடமே போய்ச் சரக்கை விற்றாக வேண்டிய நிலையில்தான் அந்தத் தொழிற்சாலை பிறந்தது.

அந்தக் கேலிக்குப் பின்னால் நீண்ட பழக்கம் ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய அரசுக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பகுதி லண்டனில் வாங்கப்பட்டது. இங்குள்ள துறைகள் தேவைப்பட்டியல் எழுதி அனுப்பும். அங்கே இந்தியா அலுவலகத்தின் கொள்முதல் பிரிவு பிரிட்டிஷ் கம்பெனிகளிடம் விலை கேட்கும். தேம்ஸ் நதிக்கரையில் லாம்பெத் பகுதியில் இதற்கென்றே பெரிய கிடங்கு கட்டியிருந்தார்கள். சரக்கு அங்கே பரிசோதிக்கப்பட்டுக் கப்பலேறும். விலையைக் கேட்டது, சரக்கைச் சோதித்தது, ஆர்டர் கொடுத்தது எல்லாமே லண்டன். பணம் மட்டும் இந்திய வரிப்பணம்.

1883-ல் ரிப்பன் பிரபு காலத்தில் இந்த விதிகள் கொஞ்சம் தளர்ந்தன. விலையும் தரமும் ஒத்துவந்தால் இந்தியப் பொருளை இங்கேயே வாங்கலாம் என்று துறைகளுக்குச் சொல்லப்பட்டது. நடைமுறை லேசில் மாறிவிடவில்லை. லண்டன் சரக்கை வாங்கிய அதிகாரியை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். உள்ளூர்ச் சரக்கை வாங்கி அது பழுதானால் பழி அவர் தலையில் விழும். அரசாங்கத்திடம் எதையாவது விற்றுப் பார்த்தவர்களுக்கு இந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை. இன்றைக்கும் புதிதாக வரும் சிறு உற்பத்தியாளர் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான்.

இந்தச் சுவரை டாடாக்கள் எப்படித் தாண்டினார்கள்?

ஜாம்ஷெட்ஜி டாடா 1904-ல் காலமானார். அந்த ஆண்டுதான் மயூர்பஞ்சில் நல்ல இரும்புத் தாது இருப்பதைப் புவியியலாளர் பி.என். போஸ் கடிதம் எழுதித் தெரிவித்திருந்தார். அடுத்த தலைமுறை தாதுவையும் நிலக்கரியையும் இணைக்கும் இடம் தேடியது. ஆனால் கனிமம் கிடைத்த மாத்திரத்தில் ஆலை எழுந்துவிடாது. முதல் போடுகிறவர், ‘உருக்கிய எஃகை யாரிடம் விற்பீர்கள்?’ என்று கேட்பார். அதற்குப் பதிலாக அவர்கள் கையில் இருந்தது அரசாங்கத்தின் வாக்குறுதி. தரம் சரியாக இருந்து, இறக்குமதித் தண்டவாளத்தின் விலைக்கே கொடுத்தால், ஆண்டுக்கு 20,000 டன் வீதம் பத்தாண்டுகளுக்கு வாங்கிக்கொள்வதாக அரசு ஒப்புக்கொண்டது.

இதை மானியம் என்று சொல்ல முடியாது. பொருள் பிறக்கும் முன்பே வாங்குபவரிடம் விற்றுவைத்த ஒப்பந்தம் இது. 1907-ல் கம்பெனி பதிவானது. பங்கு வெளியீட்டைத் திறந்தபோது மூன்று வாரத்துக்குள் சுமார் 8,000 இந்தியர்கள் பணம் கட்டினார்கள். சுதேசி உணர்ச்சி உச்சத்தில் இருந்த நேரம் என்பது அதற்கு முக்கியக் காரணம். ஆனாலும், ரயில்வே வாங்கிக்கொள்ளும் என்ற உறுதி இல்லாமல் இத்தனை பேர் இத்தனை வேகமாகப் பணத்தை எடுத்து வைத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

1912 பிப்ரவரி 16-ல், ஆலை எழுந்த சாக்சி என்ற ஊரில் முதல் எஃகு வார்ப்பு வெளிவந்தது. எஃகு வந்ததும் விற்பனை முடிந்துவிடவில்லை. ரயில்வே அதைச் சோதித்துத்தான் எடுக்கும். அரசாங்கத்தின் உலோகப் பரிசோதகர் ஒருவர் ஆலை இருந்த ஊரிலேயே பணியமர்த்தப்பட்டார். தண்டவாளத் துண்டை இரண்டு தாங்கிகளின் மேல் கிடத்தி, உயரத்திலிருந்து கனமான எடையை அதன் நடுவில் விழவிட வேண்டும். வளையலாம், ஆனால் ஒடியக்கூடாது. துண்டை வெட்டி இழுத்துப் பார்ப்பார்கள், ரசாயனக் கலவையைக் கணக்கிடுவார்கள். தேறினால்தான் முத்திரை. விற்பவரின் பேச்சுத் திறமைக்கு அங்கே வேலையே இல்லை. அந்த எடை விழும் நொடியில் தண்டவாளம் தானாகவே தனக்காகப் பேசியாக வேண்டும்.

அது நன்றாகவே பேசியது. முதல் உலகப்போரில் மெசபடோமியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பிரிட்டிஷ் படைகளுக்கு ரயில் பாதை அவசரமாகத் தேவைப்பட்டது. கடலில் நீர்மூழ்கிகள் நடமாடிய காலத்தில் பிரிட்டனிலிருந்து தண்டவாளம் வருவது பெரும்பாடு. சாக்சி ஆலை 1,500 மைல் நீளத்துக்குத் தண்டவாளம் உருட்டிக் கொடுத்தது. 1919 தொடக்கத்தில் வைஸ்ராய் செம்ஸ்போர்டு நேரில் வந்து நன்றி சொல்லி, ஊருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். அப்காட் தன் வாக்கைக் காப்பாற்றியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் அஜீரணம் ஆகியிருக்கும் என்று ஜாம்ஷெட்ஜியின் மகன் தோராப்ஜி டாடா பின்னாளில் சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

போர்க்கால விற்பனைக்குச் சென்னையும் சாட்சி. பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் நெய்த காக்கித் துணி ராணுவச் சீருடையாகியது. தமிழகத்துத் தோல் பதனிடும் கூடங்களில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோலைப் போர்வீரர்களின் பூட்ஸுக்காக அரசே வாங்கியது. லண்டன் வழியை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதைப் போர் அரசுக்கு உணர்த்தியது. சர் தாமஸ் ஹாலண்ட் தலைமையில் 1916-ல் அமைந்த தொழில் ஆணையம் கொள்முதலை இந்தியாவுக்கே கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது. சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கும் குரோம் தோல் பதனிடலுக்கும் வித்திட்ட ஆல்பிரட் சாட்டர்டன் அந்த ஆணையத்தில் உறுப்பினர். 1922-ல் இந்தியப் பண்டகத் துறை பிறந்தது. விலை கேட்பதும் சோதிப்பதும் ஆர்டர் கொடுப்பதும் மெல்ல மெல்ல இங்கே வந்தன.

இதே கதைக்குள் கசப்பும் உண்டு. ரயில்வேயோடு பின்னர் செய்துகொண்ட நீண்டகால ஒப்பந்தங்களில் விலை முன்பே முடிவாகியிருந்தது. போருக்குப் பின் கூலி, நிலக்கரி, இயந்திரம் எல்லாம் ஏறின. ஒப்பந்த விலை அதோடு சேர்ந்து ஏறவில்லை. ஆலையைத் தூக்கி நிறுத்திய அதே வாங்குபவரால் ஆலைக்கு நஷ்டம் சேர்ந்தது. பெல்ஜியத்திலிருந்து மலிவு எஃகு வந்து குவிந்து நிலைமையை இன்னும் மோசமாக்கியது. 1924-ல் எஃகுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, தண்டவாளத்துக்கு டன் கணக்கில் ஊக்கத்தொகை கொடுத்து அரசு கைகொடுத்தது. பெரிய ஆலை என்பதால் தாங்கியது. அந்த இடத்தில் ஒரு சிறு பட்டறை இருந்திருந்தால் அன்றோடு மூடியிருக்கும்.

சுதந்திர இந்தியாவில் வழங்கல் மற்றும் விற்பனைத் தலைமை இயக்குநரகம் மத்திய அரசின் பெரிய கொள்முதல் வாசலாக ஆனது. ‘ரேட் கான்ட்ராக்ட்’ கையில் இருந்தால் மேசை நாற்காலி முதல் கேபிள் வரை துறைகள் ஆண்டு முழுக்க அதே விலையில் ஆர்டர் போடும். அது இல்லாதவர்களுக்கு டெண்டர் பெட்டிதான் கதி. அரக்கு முத்திரை வைத்த உறை, முன்வைப்புத் தொகைக்கு டிமாண்ட் டிராப்ட், பூட்டிய பெட்டியில் போடக் கடைசி நேரம் பிற்பகல் மூன்று மணி. மூன்றரைக்கு எல்லார் முன்னிலையிலும் உறைகளைப் பிரிப்பார்கள். அதிகாரி விலைகளை உரக்கப் படிக்க, வந்தவர்கள் துண்டுத்தாளில் குறித்துக்கொள்வார்கள். ஒரு எண்ணை அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போடாமல் விட்டால் பல மாத உழைப்பு வீண். குறைந்த விலைக்காரரை ‘எல்-1’ என்பார்கள். எத்தனையோ குடும்பங்களின் அடுத்த ஆண்டுச் சாப்பாடு அந்த எழுத்திலும் எண்ணிலும் இருந்தது.

அரசை மட்டுமே நம்பி வாழும் பொருளுக்கு மைசூரில் நல்ல உதாரணம் இருக்கிறது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1937-ல் தொடங்கிய அரக்கு, வர்ணத் தொழிற்சாலை 1962 பொதுத் தேர்தலுக்காக அழியாத மை தயாரித்தது. தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உருவான, வெள்ளி நைட்ரேட் கலந்த மை அது. கடையில் கிடைக்காது, விளம்பரமும் இல்லை. 10 மில்லி புட்டி ஒன்றில் சுமார் 700 பேர் விரலுக்குக் கோடு போடலாம். 2024 மக்களவைத் தேர்தலுக்கு 26 லட்சத்துக்கும் அதிகமான புட்டிகள் போயின. தேர்தல் இல்லாத ஆண்டில் தேவை சுருங்கிவிடும் என்பதால் வெளிநாடுகளின் தேர்தல் ஆணையங்களுக்கும் அந்த நிறுவனம் மை அனுப்புகிறது.

டெண்டரில் நடக்கும் தில்லுமுல்லுகளைத் தடுக்க முதலில் தனிச்சட்டம் கொண்டுவந்த மாநிலங்களில் ஒன்று என்ற பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இங்கே 1998-லேயே நிறைவேறியது. மத்தியில் 2012-ல் வந்த ஆணை, அரசு கொள்முதலில் ஒரு பங்கைக் குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியது. இப்போது அந்தப் பங்கு 25 சதவீதம். 358 பொருள்கள் அவர்களுக்கு மட்டுமே உரியவை, முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டியதில்லை. 2016 ஆகஸ்டில் ‘ஜெம்’ என்ற இணையச் சந்தை திறந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரோடு பழைய தலைமை இயக்குநரகம் மூடப்பட்டது. அரக்கும் உறையும் போய், கடவுச்சொல்லும் டிஜிட்டல் கையெழுத்தும் வந்தன. கோவையிலிருந்து பம்புசெட் செய்பவர் டெல்லிக்கு ரயில் ஏறாமலே விலை கொடுக்கலாம்.

இவ்வளவு மாறியும் ஓர் இடத்தில் வண்டி இன்னும் சிக்கிக்கொள்கிறது. சரக்கு போய்ச் சேர்ந்தாலும் பணம் வந்து சேர்வதில்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டத்தைக் காட்டிக் கேட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. பில்லில் கையெழுத்திடும் இடத்தில் இருக்கும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். சரக்கு சரியாக வந்து சேர்ந்திருந்தால், 45-ஆம் நாள் வரைகூடக் காத்திருக்காமல் அந்தக் கோப்பை நகர்த்திவிடுங்கள்.